அக்னித் தலத்தில் இரண்டு நதிகள்

சித்திரை வெயில் ஏறிவிட்டால் அண்ணாமலையார் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது. குதிகாலைத் தூக்கித் தூக்கி நிழல் தேடி ஓடும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே சிவகங்கைத் தீர்த்தத்தின் பக்கம் ஒதுங்கினால், நீரைத் தொடாமலேயே உடம்பு குளிர்ந்துவிடும். ஐம்பூதத் தலங்களில் நெருப்புக்கு உரியது எங்கள் திருவண்ணாமலை. அந்த நெருப்பின் ஊரில் எத்தனை குளங்கள்! கோயிலுக்குள் சிவகங்கையும் பிரம்ம தீர்த்தமும், வெளியே அய்யங்குளம், கிரிவலப் பாதையில் அக்னி லிங்கத்தின் பக்கத்தில் அக்னி தீர்த்தம். அந்தக் கடைசிப் பெயரை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தண்ணீருக்கு நெருப்பின் பெயர். யார் சூட்டியதோ, என்ன அழகான துணிச்சல்! சுடுவதும் குளிர்விப்பதும் ஒன்றையொன்று அழித்துவிடாமல் ஒரே பெயருக்குள் அமர்ந்திருக்கின்றன.

வாழ்க்கையில் சூடுபட்டு, உள்ளே கருகி, பிறகு எப்படியோ எழுந்து நடந்த மனிதர்களைப் பற்றிய நாவல்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குளத்தின் பெயர் நினைவுக்கு வந்துவிடுகிறது. அந்த நாவல்களில் நான் மயங்கி நின்றுவிடும் இடங்கள் மிகச் சின்னவை. யாரோ ஒருவர் கையில் ஒரு சொம்பு இருக்கும், ஒரு குடம் இருக்கும், எதிரே ஒரு வாழையிலை விரிந்திருக்கும். அந்தச் சின்னப் பொருளில் ஒரு முழு வாழ்க்கை திரும்பும். அந்த இடங்களை உங்களோடு சேர்ந்து இன்னொரு முறை பார்க்க ஆசைப்படுகிறேன்.

இந்த ஊர்க்காரர்கள் இப்படியான கதையைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கோபுரத்தில் படித்தவர்கள். 15ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த அருணகிரிநாதரைப் பற்றி ஊரில் வழிவழியாகச் சொல்லும் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். இளமையைத் தாறுமாறாகச் செலவழித்தவர். உடல் நோயில் அழுகியது. தமக்கை மட்டும் அவரைக் கைவிடவில்லை. தன்னைத் தானே பொறுக்க முடியாத ஒரு நாளில் வல்லாள மகாராஜன் கோபுரத்தின் மேலேறிக் குதித்துவிட்டார். முருகன் தாங்கிப் பிடித்தான், பாடச் சொன்னான், திருப்புகழ் பிறந்தது என்கிறது கதை. 1964இல் டி.எம்.சௌந்தரராஜன் அருணகிரியாக நடித்து வெளிவந்த படத்தில் இதைக் கண்டு கலங்கியவர்கள் உண்டு.

எனக்குப் பிடித்த நுட்பம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அந்தக் கோபுரத்தை ஒட்டி இருக்கும் கோபுரத்து இளையனார் சன்னதியைப் பாருங்கள். விழுகிறவனைப் பிடிக்க வந்த தெய்வத்துக்கு உச்சியில் இடம் கொடுக்கவில்லை. தரையில், காலடியில், விழுந்தவன் வந்து சேரும் இடத்தில் நிற்கவைத்திருக்கிறார்கள். மேலே நிற்கும் கடவுள் எச்சரிப்பார். கீழே நிற்கும் கடவுள் ஏந்திக்கொள்வார். அந்த இடத்தைத் தேர்ந்தவர் கையில் ஒரு நாவலாசிரியரின் மனசு இருந்திருக்கிறது.

தமிழ் உரைநடையில் அப்படிக் கீழே நின்று ஏந்திக்கொண்ட கை ஒன்றை நான் முதலில் பார்த்தது ஜெயகாந்தனிடம். 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘அக்னிப்பிரவேசம்’. மழைச் சாயங்காலம், பஸ்ஸுக்குக் காத்து நனைந்து நிற்கும் கல்லூரிப் பெண், அருகில் வந்து நிற்கும் பெரிய கார். பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. அறிந்தவர்களும் சில இடங்களை வேகமாகத் தாண்டியிருப்போம். ஒன்று, அவன் அவளுக்குக் கொடுத்த சூயிங் கம். அந்தக் காலத்து மத்தியதர வீடுகளுக்கு அது புதுப் பொருள்; கார், பணம், வெளியுலகம் எல்லாவற்றின் ருசியும் அதில் இருந்தது. அவள் வீடு வந்து அம்மாவிடம் அழுது எல்லாவற்றையும் சொல்லும்போதும் அது வாயில்தான் இருக்கிறது. அம்மா அதைத் துப்பச் சொல்கிறாள். ஒரு மகா துயரத்தின் நடுவில், ஒரு தாய் மகளின் வாயைப் பார்த்து ‘என்ன அது’ என்று கேட்கும் அந்த வீட்டுத்தன்மை இருக்கிறதே, அதற்காகவே அந்தக் கதையை நூறு முறை படிக்கலாம். துப்பிவிடக்கூடியது அது, அவ்வளவுதான் என்று கதை சொல்லாமல் சொல்லிவிடுகிறது. துப்பிய பிறகு வாய் வாயாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது, பக்கத்துக் குடித்தனக்காரர்கள். முதல் அதிர்ச்சியில் அம்மா கத்திவிடுகிறாள், அடிக்கிறாள். சத்தம் கேட்டு அவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அந்த ஒரு கணத்தில் அம்மா மாறுகிறாள். மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறாள் என்று சொல்லி மூடிவிடுகிறாள். அது பொய்யும் இல்லை பாருங்கள், மகள் நனைந்துதானே நிற்கிறாள். உண்மையின் ஓர் ஓரத்தை மட்டும் எடுத்து மகளுக்குப் போர்த்திவிட்ட அந்தச் சாமர்த்தியம், ஒட்டுக்குடித்தன வீடுகளில் மானத்தை மடியில் கட்டிக்கொண்டு வாழ்ந்த நம் அம்மாக்களுடையது. அவள் தத்துவம் படித்தவள் இல்லை. ஊர் வாய் எவ்வளவு பெரியது என்று தெரிந்தவள்.

மூன்றாவதுதான் அந்த நீர். மகளை உட்காரவைத்து, தலைமேல் மளமளவென்று கொட்டுகிறாள். கொட்டிவிட்டு, இது ஜலம் இல்லை, நெருப்பென்று நினைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய் என்ற பொருளில் பேசுகிறாள். கதையின் பெயர் தீப்புகுதல். கதையில் நடப்பது தலைமுழுக்கு. சீதையை நெருப்பில் இறக்கியது ஊராரின் சந்தேகம். இங்கே தாய் மகளை ஊருக்கு நிரூபிக்கப் போவதில்லை, மகளுக்கே நிரூபிக்கிறாள். அதனால் நெருப்பு தேவைப்படவில்லை. வீட்டுத் தண்ணீர் போதுமானதாக இருந்தது. தினம் குளிக்கிற இடம், தினம் ஊற்றிக்கொள்கிற நீர். ஒரு தாய் சொன்ன சொல்லால் அது தீர்த்தமானது. நான் சொன்ன அந்த அக்னி தீர்த்தத்தை இனி நீங்கள் கடக்கும்போது இந்தக் குளியலறையும் உங்கள் நினைவுக்கு வரட்டும்.

இதோடு நின்றிருந்தாலே ஜெயகாந்தன் நம் வணக்கத்துக்கு உரியவர். அந்தக் கதை எழுப்பிய சர்ச்சைக்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு இன்னமும் திகைப்பூட்டுகிறது. அம்மா தண்ணீர் ஊற்றாமல் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு நாவலே எழுதினார். தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்று தொடராகத் தொடங்கி, 1970இல் நூலாகி, 1972இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ அதுதான். சிறுகதையில் பெயரில்லாமல் ‘அவள்’ என்று நின்றவளுக்கு இங்கே பெயர் கிடைக்கிறது: கங்கா. பெயர் கிடைத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. இந்தக் கதையின் அம்மா போட்ட கூச்சல் வீதிவரைக்கும் போய்விட்டது. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். வெங்கு மாமா ஆதரவு தந்து படிக்கவைக்கிறார். அந்த ஆதரவுக்குள் ஒளிந்திருக்கும் அவர் பார்வையையும் கங்கா எதிர்கொண்டாக வேண்டும்.

இனி இந்த நாவலின் மகுடமான நயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்குப் பிறகு, சொந்தக் காலில் நின்று வேலைக்குப் போகும் கங்காவின் கைக்கு ஒரு பத்திரிகை வருகிறது. அதில் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளரின் ‘அக்னிப்பிரவேசம்’ என்ற கதை. மழை, பஸ் நிறுத்தம், கார் எல்லாம் அவளுடையவை. முடிவு மட்டும் அவளுடையது இல்லை. அச்சில் இருக்கும் அம்மா மகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்.

சற்று நிறுத்தி, அந்தக் காகிதத்தைப் பிடித்திருக்கும் விரல்களை மனசில் பாருங்கள். தனக்கு நேர்ந்திருக்க வேண்டிய ஒரு பாத்திரம் தண்ணீரை வேறொருத்தி தலைமேல் ஊற்றக் காண்கிறாள் கங்கா. எழுத்தாளர் தன் கதையையே தன் பாத்திரத்தின் கையில் கொடுத்து, அந்தக் கனிந்த முடிவை அவளைப் படிக்கவைக்கிறார். இதைவிட மென்மையான கொடூரமும் இதைவிடக் கொடூரமான மென்மையும் தமிழ் நாவலில் நான் பார்த்ததில்லை. கங்கா அங்கே உடைந்து உட்கார்ந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கதை அவளை எழுப்பிவிடுகிறது. இப்படியும் நடந்திருக்கலாமே என்று தெரிந்துகொண்டவளால் இனி நடந்ததை விதி என்று சும்மா ஏற்றுக்கொள்ள முடியாது. அந்தக் காரில் வந்தவன் யார் என்று தேடக் கிளம்புகிறாள். ஒரு கதை ஒரு மனுஷிக்கு என்ன செய்யும் என்பதை ஒரு நாவலின் எலும்புக்கூடாகவே வைத்துக் கட்டிய கைத்திறன் அது.

தேடிக் கண்டடைந்த பிரபுவும் எதிர்பார்த்த வில்லன் இல்லை. பணமும் குடியும் கெடுத்த, வளராத பிள்ளை போன்ற ஒரு மனிதன். அவனுக்கு பத்மா என்ற மனைவி, மஞ்சு என்ற மகள். பழிவாங்கும் கதையாக நகர வேண்டிய இடத்தில் நாவல் ஒரு விசித்திரமான சிநேகத்தின் பக்கம் திரும்புகிறது. ஊர் அவளை நோக்கி எறிந்த வார்த்தை ‘வைப்பாட்டி’. அவள் அந்தச் சொல்லைக் குனிந்து எடுத்துத் தானே அணிந்துகொள்கிறாள், ஒரு கவசம்போல. அப்படி ஒரு பெயர் இருந்தால் மற்ற ஆண்கள் நெருங்க மாட்டார்கள் என்ற கணக்கு. காயப்படுத்திய அம்பையே கூரை வேய எடுத்துக்கொண்ட அந்தப் பெண்ணின் அறிவுக்கு முன்னால் நான் கைகூப்பிவிடுகிறேன். நாவலின் முடிவில் பிரபு விலகிப் போக, அவள் குடியில் விழுகிறாள் என்பதில் பலருக்கு வருத்தம். எனக்கும்தான். 1977இல் பீம்சிங் இயக்கத்தில் இந்த நாவல் படமாக வந்தது; கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது.

1978இல் ‘கங்கை எங்கே போகிறாள்’ வந்தது. குடியிலிருந்து எழுந்த கங்காவை அதில் பார்க்கலாம். முதல் நாவலின் அடர்த்தி இதில் இல்லை என்பது என் எண்ணம். ஆனாலும் கடைசியில் அவள் காசியில் தன் பெயரைக் கொண்ட நதியிலேயே கலந்துவிடும் இடத்தில் மனம் மழைநாளுக்குத் திரும்பிவிடுகிறது. ஒரு பாத்திரத் தண்ணீர் கிடைக்காதவளுக்கு ஒரு நதி கிடைத்தது.

மழையும் பெண்ணும் என்றதும் ரா.கிருஷ்ணையாவின் தமிழில் நாம் படித்த டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ என்னை இழுக்கிறது. 1899இல் வெளியான நாவல். தமிழ் வீடுகளின் அலமாரிகளில் அது உறவுக்காரர்போல உட்கார்ந்திருக்கிறது. கோமகன் நெஹ்லூதவ், கத்யூஷா மாஸ்லவா. அவளுடைய கறுத்த கண்களில் லேசான ஒரு மாறுகண் சாயலை டால்ஸ்டாய் வைத்தார். அழகியைப் படைக்கும்போது ஒரு துளிக் குறையை வைத்துவிட்டு, பக்கம் பக்கமாக அதைப் பிரியமாக நினைவூட்டிக்கொண்டே போவார். எத்தனையோ ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் ஜூரியாக உட்கார்ந்திருக்கும் அவனுக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் அவள்தான் என்று உணர்த்துவதில் அந்தக் கண்களுக்குப் பங்கு உண்டு.

நெஹ்லூதவால் அவள் ஏமாற்றப்பட்ட இரவில் மூடுபனிக்கு அப்பால் நதியின் பனிக்கட்டி உடையும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அறைக்குள் நடப்பதை டால்ஸ்டாய் சொல்வதில்லை, வெளியே நதியைக் கேட்கச் சொல்கிறார். அங்கேயும் ஒரு நதி! பிறகு அந்த ரயில் நிலையக் காட்சி. காற்றும் மழையுமாக இருட்டு. வெளிச்சமான முதல் வகுப்புப் பெட்டிக்குள் அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். வயிற்றில் குழந்தையோடு அவள் சன்னலைத் தட்டுகிறாள், ரயில் நகர்கிறது, தலைத்துணி காற்றில் பறக்க நடைமேடையின் விளிம்புவரை ஓடுகிறாள். அடுத்த ரயிலுக்கு முன்னால் விழுந்துவிட நினைத்தவளை வயிற்றுக்குள் புரண்ட குழந்தையின் அசைவு தடுத்துவிடுகிறது. எழுந்து, துணியைச் சரிசெய்துகொண்டு, வீட்டுக்கு நடக்கிறாள். அவள் மனசு அன்றோடு இறுகிவிட்டது என்பதையும் டால்ஸ்டாய் மறைக்கவில்லை; கனிவதற்கு அவளுக்கு ஒரு நீண்ட சிறைவாசமும் சைபீரியப் பயணமும் தேவைப்பட்டன. முடிவில் நெஹ்லூதவ் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று நிற்கும்போது, அந்தப் பரிகாரத்தை அவள் பெற்றுக்கொள்ள மறுக்கிறாள். அவனுடைய புத்துயிர்ப்புக்குத் தன் வாழ்க்கையைக் கூலியாகக் கொடுக்க அவள் தயாரில்லை. அந்த மறுப்பில்தான் அவளுடைய புத்துயிர்ப்பு இருக்கிறது.

கங்காவுக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1973இல், இன்னொரு நதியின் பெயரோடு ஒருத்தி தமிழுக்குள் வந்தாள். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலின் ஜமுனா. நம் மொழியின் காயம்பட்ட இரண்டு பெரிய பெண்களுக்கு, இரண்டு எழுத்தாளர்கள், கங்கா என்றும் ஜமுனா என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். இதைக் கவனித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அதிலும் இந்த ஜமுனா குடியிருக்கும் சென்னைத் தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. நதியின் பெயர் கொண்டவள் காலிக் குடத்தோடு வரிசையில் நிற்கிறாள்! ஆசிரியர் இதை எந்த இடத்திலும் சுட்டிக்காட்டுவதில்லை. அவர் குணம் அது. 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்து, சினிமா மினுக்கத்தின் பின்பக்கத்தை அருகிருந்து பார்த்தவர். அந்த வெளிச்சத்தை நம்பி வந்து தெருவோரத்தில் நின்றுவிட்ட பெண்களை அவர் உரத்த குரலில் எழுதவே இல்லை.

ஜமுனாவின் துயரத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். நடிகையாக்குகிறேன் என்ற பாஸ்கர் ராவின் வார்த்தையை நம்பித் தன்னை இழந்தவள். தங்கை சாயாவுக்கு அது பொறுக்கவில்லை. அவள் ஹாஸ்டலுக்குப் போய்விடுகிறாள். தனித்துப்போன ஜமுனா சாவின் விளிம்புவரை போகிறாள். இதை மற்றவர்கள் எழுதியிருந்தால் கண்ணீர் பெருகியிருக்கும். அசோகமித்திரனிடம் பெருகுவது அடிபம்பின் சத்தம்தான். காற்று மட்டும் வரும் அந்தச் சத்தம். தோண்டிப் போட்ட தெரு, சாக்கடை கலந்துவிட்ட குடிநீர், எந்தத் தெருவில் தண்ணீர் வருகிறது என்று காதுக்குக் காது பரவும் செய்தி, இருட்டில் குடங்களோடு நகரும் பெண்கள். இவற்றைச் சின்னச் சின்ன வாக்கியங்களில், அடைமொழியே போடாமல், எழுதிக்கொண்டு போகிறார். அடைமொழிகளில் மனம் பறிகொடுக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அந்த வறண்ட வாக்கியங்கள் ஒரு பாடம். தண்ணீர் இல்லாத தெருவை எழுதும்போது வாக்கியமும் ஈரமில்லாமல்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த வறட்சியின் நடுவில் வருகிறாள் டீச்சரம்மா. நாவல் முழுக்க அவளுக்குப் பெயர் கிடையாது. தெருவே அழைக்கும் அந்தத் தொழிற்பெயர்தான். நோயாளிக் கணவன், மாமியார், பள்ளிக்கூடம், வீட்டு வேலை. இடிந்து உட்கார்ந்திருக்கும் ஜமுனாவிடம் அவள் தன் கதையைச் சொல்கிறாள். சின்ன வயதில், தன்னைவிட எவ்வளவோ மூத்த, இருமிக்கொண்டே இருக்கும் ஒரு மனிதனுக்குக் கட்டிவைக்கப்பட்ட கதை. சொல்லும்போது அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. என் துக்கம் உன்னுடையதைவிடப் பெரியது என்று தராசும் பிடிக்கவில்லை. எனக்கும் இப்படித்தான், இருந்தும் நாளை காலையில் தண்ணீர் பிடிக்கத்தான் வேண்டும் என்கிற தொனி. துயரத்தில் இருப்பவரிடம் பேசத் தெரிந்தவர்கள் உலகத்தில் மிகக் குறைவு. டீச்சரம்மா அந்தக் கொஞ்சம் பேரில் ஒருத்தி. அவள் பேசியதைவிட, அவளோடு சேர்ந்து தெருவுக்குள் இறங்கியதுதான் ஜமுனாவை எழுப்பியது என்று நான் படித்துக்கொள்கிறேன்.

இடுப்பில் குடம் ஏறியதும் உடம்பு என்னவாகிறது என்று தண்ணீர் சுமந்தவர்களைக் கேளுங்கள். ஒரு பக்கம் பாரம் இழுக்க, மறுபக்கம் உடம்பு தானாகச் சாய்ந்து சமன் செய்துகொள்ளும். கழுத்து நிமிரும். காலடி அளவோடு விழும். சிந்தாமல் நடக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில் மற்ற நினைப்பெல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். பாரமே நிமிர்த்தும் அந்த அதிசயத்தை அசோகமித்திரன் விளக்கவில்லை, குடத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பிற்பகுதியில் ஜமுனா தெருவின் தண்ணீர்க் கஷ்டத்துக்குள் ஒருத்தியாகக் கலந்துவிடுகிறாள். வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பற்றி அவளுக்கு இப்போது பயமில்லை. பாஸ்கர் ராவின் கார் வருமா என்று எதிர்பார்த்திருந்த பழைய ஜமுனாவும் இல்லை. ஊர் திருந்தவில்லை, குழாயில் தண்ணீர் கொட்டவில்லை. அவள் மட்டும் நிமிர்ந்திருக்கிறாள். ஜெயகாந்தனின் தாய் மகளின் தலைமேல் நீரை ஊற்றினாள். ஜமுனாவோ தன் தண்ணீரைத் தானே சுமந்து வந்தாள். இந்த இரண்டில் எது அழகு என்று கேட்டால் சின்ன வயதில் முதலாவதைச் சொல்லியிருப்பேன். இப்போது ஜமுனாவின் பக்கம் சாய்கிறேன்.

இப்படியான புத்தகங்களுக்கு எங்கள் ஊரில் ஒரு தாய்வீடு உண்டு. வம்சி புக்ஸ் பதிப்பகத்தின் நூல்கள் திருவண்ணாமலையில் இருந்துதான் தமிழகம் முழுக்கப் போகின்றன. மலையாளக் கவிஞர் பாலசந்திரன் சுள்ளிக்காடின் ‘சிதம்பர நினைவுகள்’ இங்கே வாழும் கே.வி.ஷைலஜாவின் கையால் தமிழானது. அது நாவல் இல்லை, ஒரு கவிஞனின் நினைவுக் குறிப்புகள். ஆனால் தன் இளமையின் பசியையும் அவமானங்களையும் இவ்வளவு நிர்வாணமாக வைத்த புத்தகத்தை நாவல்களின் வரிசையில்தான் என் அலமாரியில் வைத்திருக்கிறேன். அதில் ஒரு திருவோண நாள். வீட்டைவிட்டு வெளியேறிய கவிஞன், பசி தாங்காமல் ஒரு வீட்டு வாசலில் பிச்சைக்காரனாகப் போய் நிற்கிறான். இலை விழுகிறது, சோறு விழுகிறது. உண்ணும் நேரத்தில் அந்த வீட்டுப் பெண் அவனை அடையாளம் கண்டுகொள்கிறாள்: கவிதை வாசிக்கக் கேட்ட கவிஞன் அல்லவா இது!

அந்த இலையை அருகில் போய்ப் பாருங்கள். பிச்சைக்காரனுக்கு இட்ட சோறுதான், ஒரு கணத்தில் விருந்தாளிக்கு இட்டதாக மாறுகிறது. சோறு மாறவில்லை, பெயர் மாறியது. எவ்வளவு கூசியிருப்பான், எவ்வளவு பசித்திருப்பான். கூச்சமும் பசியும் ஒரே கவளத்தில் தொண்டைக்குள் இறங்குவதை எழுத ஒருவனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! ஷைலஜாவின் தமிழ் அந்த இடத்தில் தன்னை முன்னிறுத்திக்கொள்வதே இல்லை. மலையாளத்தின் மூச்சு கலையாமல், பரிமாறுகிறவர் கைபோல, இலையில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. மொழிபெயர்ப்பில் அதைவிட உயர்ந்த குணத்தை நான் கேட்க மாட்டேன்.

அவரே தமிழுக்குத் தந்த இன்னொரு புத்தகம் ‘கதை கேட்கும் சுவர்கள்’. கோவைப் பக்கத்தில் பிறந்து, சொல்லக் கூசும் துயரங்களுக்குள் தள்ளப்பட்டு, பின்னாளில் முன்பின் அறியாத ஒருவருக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுத்த உமா பிரேமனின் வாழ்க்கை. அந்தத் தலைப்பே எனக்குப் போதும். யாரிடமும் சொல்ல முடியாதவள் சுவரிடம் சொன்னாள், சுவர் கேட்டுக்கொண்டது. அருணகிரிக்குக் கோபுரத்தடி, கங்காவுக்கு ஒரு பத்திரிகைத் தாள், ஜமுனாவுக்கு டீச்சரம்மா, இவளுக்குச் சுவர்.

இந்த ஊர் கதைகளைக் கண்ணால் மட்டும் படிப்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை, காதாலும் படிக்கிறது. விடியவிடிய கலை இலக்கிய இரவுகள் நடந்த ஊர். பவா செல்லதுரை நின்று கதை சொல்லத் தொடங்கினால், புத்தகமே தொடாதவர்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர் சொல்லும் முறையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். துயரமான இடம் நெருங்க நெருங்கக் குரல் தணிந்துகொண்டே வரும். கூட்டம் முன்னால் சாயும். நூற்றுக்கணக்கான உடம்புகள் ஒரு பெயர் தெரியாத பெண்ணின் வலியை நோக்கி ஒருசேரச் சாயும் அந்த அரை அங்குலத்தை, முடிந்தால் நீங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும்.

பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 14 கிலோமீட்டர் நடக்கப் போகிறீர்கள். பையில் தண்ணீர் பாட்டிலோடு அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலையும் வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் புத்தகம், கனக்காது. சுற்றி முடித்து, அய்யங்குளத்தின் படியில் கால் ஆற உட்காரும்போது, டீச்சரம்மா பேசும் பக்கங்களை மட்டுமாவது படித்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுங்கள்.